கிளியின் நாக்கும் மனிதரின் நம்பிக்கையும்



நம் தோட்டப்புறங்களில் வீட்டு வாசலில் ஒரு கம்பிக் கூடும், அதற்குள் ஒரு பச்சைக்கிளியும் இருப்பது பழைய நாள் தொட்டு வரும் பழக்கம். பட்ட மரம் ஒன்று சாயும்போது பொந்திலிருந்து குஞ்சு கிடைக்கும். பிள்ளைகள் அதைச் சட்டைக்குள் பொத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மறுநாளே அக்கம்பக்கத்திலிருந்து யோசனைகள் வரத் தொடங்கும். "நாக்கைச் சுரண்டிவிடு, அப்போதுதான் பேச்சு வரும்" என்பார் ஒருவர். "வசம்பைச் சுட்டுத் தேய்" என்பார் இன்னொருவர். "மிளகாய் கொடு, நாக்குத் தடிப்புப் போய்விடும்" என்பார் மூன்றாமவர். இவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். தாத்தா சொன்னதைச் சொல்கிறார்கள். அந்தத் தாத்தாவுக்கு அவருடைய தாத்தா சொல்லியிருப்பார். கிளியைப் பேச வைப்பது பற்றி மனிதர் எழுதிவைத்தவற்றைப் பின்னோக்கித் தேடிப் போனால் ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்னே போய் நிற்கிறோம்.

கி.மு. 400ஆம் ஆண்டை ஒட்டிப் பாரசீக அரசவையில் கிடீசியஸ் என்ற கிரேக்க மருத்துவர் இருந்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனாலும் கேள்விப்பட்டவற்றை வைத்து இந்தியாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நாட்டில் ஒரு பறவை உண்டு, அது மனிதனைப் போல இந்திய மொழி பேசும், கிரேக்கம் கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்று அதில் குறித்தார். இல்லாத பிராணிகள் பலவற்றையும் அவர் எழுதிவைத்தார். கிளி விஷயத்தில் மட்டும் அவர் சொன்னது மெய்யாகிவிட்டது.

அவருக்குப் பின் வந்த அறிஞர் அரிஸ்டாட்டில், இந்தியக் கிளி மது குடித்தால் அதன் வாய்த்துடுக்கு இன்னும் கூடும் என்று எழுதினார். அந்தக் காலத்துத் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் அவர் ஒரு மாலை நின்றிருந்தால் இந்தக் குணத்தைக் கிளியின் தலையில் மட்டும் கட்டியிருக்க மாட்டார்.

கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த பிளினி, இந்தியாவிலிருந்து வரும் இந்தப் பறவை உடலெல்லாம் பச்சை, கழுத்தில் மட்டும் சிவப்பு வளையம் என்று வருணித்தார். இது தமிழ்நாட்டில் வயல்தோறும் காணும் அதே பச்சைக்கிளியின் அடையாளம். ஆனால் அதற்குப் பாடம் சொல்லும் முறையைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. கிளியின் தலை அதன் அலகைப் போலவே கடினமானது, ஆகவே பேசக் கற்பிக்கும்போது இரும்புக் கோலால் அதன் தலையில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு உறைக்காது என்கிறார் பிளினி. பேச்சு வேண்டுமானால் பறவைக்கு வலி கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வயது இரண்டாயிரம் ஆண்டுக்குக் குறையாது. கோல் போய்விட்டது, சுரண்டும் கத்தி மட்டும் இன்னும் இருக்கிறது.

தமிழகத்தில் கிளிக்கு இரண்டு முகம் இருந்தது. சங்க காலக் குறிஞ்சி நிலத்தில் அது தினைக் கதிரைக் கொள்ளையடிக்கும் பகைவன். பரண்மேல் ஏறிக் கவணும் தட்டையும் கொண்டு அதை விரட்டுவது பெண்பிள்ளைகளின் வேலை. அதே கிளி பிற்காலத்தில் கோயிலுக்குள் போய்த் தெய்வத்தின் கையில் அமர்ந்தது. மதுரை மீனாட்சியின் கையில் கிளி உண்டு. அந்தக் கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் முன்பு கிளிகளைக் கூண்டில் வைத்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியோ உயிர்க்கிளி அன்று. மாதுளம்பூவால் மூக்கு வைத்து, மரவள்ளி இலையால் உடலமைத்து, நாள்தோறும் புதிதாகக் கட்டுகிறார்கள். உயிருள்ள ஒரு பறவையை அடைத்து வைக்காமலே பக்தி நிறைவேறுகிறது என்பதால் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும்.

நம் பாட்டன்மார் கப்பலேறி மலாயா வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியக் கிளி ஒன்று இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. ஆனால் அது கதையாக வந்தது. வடமொழியில் 'சுகசப்ததி', அதாவது கிளி சொன்ன எழுபது கதைகள் என்று ஒரு நூல் உண்டு. அத்தகைய கிளிக்கதைகளைத் தழுவி 1330ஆம் ஆண்டளவில் நக்ஷபி என்பவர் பாரசீக மொழியில் 'தூத்திநாமா' எழுதினார். அதன் வழியில் பிறந்ததே மலாய் மொழியின் 'ஹிகாயாட் பாயான் புடிமான்'. 1371 என்ற ஆண்டோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் பழைய இலக்கியம் அது. வணிகன் கடல் கடந்து போயிருக்கிறான். மனைவியின் மனம் ஓர் அரசகுமாரனை நாடுகிறது. முகத்துக்கு நேரே கண்டித்த தியோங் பறவை உயிரை இழக்கிறது. கிளியாகிய பாயானோ இரவுக்கு ஒரு கதையாகச் சொல்லி, அவளை வீட்டிலேயே நிறுத்தி, தன் உயிரையும் காத்துக்கொள்கிறது. தேசியப் பள்ளியில் நம் பிள்ளைகள் மலாய் மொழியில் படிக்கும் பாயானும் நாம் தாலாட்டில் கொஞ்சும் கிளியும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்தாம்.

கதைக் கிளி எப்படியும் பேசும். உயிர்க்கிளி எப்படிப் பேசுகிறது?

நமக்குக் குரல் பிறப்பது தொண்டைக்குள் இருக்கும் குரல்வளையில். பறவைக்கு அங்கே குரல் பிறப்பதில்லை. மூச்சுக்குழாய் கீழே இறங்கி இரண்டு நுரையீரலுக்கும் கிளை பிரியும் இடம் மார்புக்குள் இருக்கிறது. அங்கேதான் பறவையின் குரல் உறுப்பு அமைந்துள்ளது. மூச்சுக் காற்று அங்குள்ள மெல்லிய சவ்வுகளை அதிரச் செய்து ஒலியை எழுப்புகிறது. கிளிக்கும் அப்படி, தியோங்குக்கும் அப்படி, கோழிக்கும் அப்படித்தான். ஆகவே நாக்கைச் சுரண்டிக் குரலைத் திறப்பது என்பது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வாளியைத் தேய்ப்பது போன்றது.

நாக்குக்குப் பேச்சில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கிளியின் நாக்கு மிகச் சிறிதளவு நகர்ந்தாலும் வெளிவரும் ஒலி மாறுவதைக் கண்டார்கள். நாம் நாக்கை வளைத்து எழுத்துகளை வேறுபடுத்துகிறோம் அல்லவா, அதைப் போன்ற வேலை அது. அப்படியானால் சுரண்டுபவர் செய்வது என்ன? ஒலியைத் திருத்தித் தரும் உறுப்பையே புண்ணாக்குகிறார். அதோடு, விதையைப் புரட்டி உமி நீக்க உதவுவதும் அந்த நாக்குத்தான். என் வகுப்பு மாணவன் ஒருவன் வளர்த்த குஞ்சுக்கு யாரோ சொன்னபடி இந்த வைத்தியம் நடந்தது. அது பேசவில்லை, இரையெடுக்க முடியாமல் நாலாம் நாள் செத்தது. பையன் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை.

மிளகாய் விஷயம் வேறு. அது கிளிக்குத் துன்பமும் தராது, பேச்சும் தராது. காரத்தை நாம் உணர்வது நாக்கு நரம்புகளில் உள்ள ஒரு வகைப் புரதத்தால். சூட்டை உணர்த்தும் அந்தப் புரதத்தை மிளகாயின் காரப்பொருள் ஏமாற்றிவிடுகிறது, வாய் எரிகிறது. பறவைகளிடமும் அதே வகைப் புரதம் உண்டு. ஆனால் காரம் அதைத் தூண்டுவதில்லை என்று 2002ஆம் ஆண்டு கோழியை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் தெரிந்தது. நாம் கண்ணீர் விடும் சிலி பாடியைக் கிளி கொய்யாப்பழம் போலத் தின்பதன் இரகசியம் இதுதான். சுவை மொட்டுகளும் நமக்கு ஆயிரக்கணக்கில், கிளிக்குச் சில நூறே.

இதில் செடிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எலியும் அணிலும் விதையைப் பல்லால் அரைத்துவிடும். பறவை முழுதாக விழுங்கிச் சிறிது தொலைவில் எச்சத்தோடு போட்டுவிடும். எலியைத் துரத்திப் பறவையை அழைக்கும் காவல்காரன்தான் காரம். லயத்துப் பின்புறம், வேலியோரம், யாரும் விதைக்காத இடத்தில் சிலி பாடி முளைத்து நிற்கிறதே, அதை நட்டது பெரும்பாலும் ஒரு பறவையாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பிறகு, போர்த்துகீசியர் வழியாகத்தான் அது நம் பக்கம் வந்தது. மலாக்கா அவர்கள் கையில் விழுந்தது 1511இல். தினைப்புனத்துக் கிளியோ பிளினியின் கிளியோ மிளகாயைக் கண்டதே இல்லை. ஆயினும் கிடீசியஸ் காலத்திலேயே கிளி பேசிக்கொண்டிருந்தது. கிளிக்கு உண்மையில் ஆகாதது வெண்ணெய்ப்பழம் என்கிற அவகாடோ. அதில் உள்ள ஒரு பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். சாக்லெட்டும் கொடுக்கக் கூடாது.

கிளி ஏன்தான் நம் சொல்லைச் சொல்கிறது? அது கூட்டத்தில் பிறந்த பறவை. கூட்டத்தின் ஒலியைக் கற்றுக்கொண்டால்தான் கூட்டத்தில் இடம் கிடைக்கும். வெனிசுவேலா நாட்டில் ஒரு வகைச் சிறு கிளியை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இது: ஒவ்வொரு குஞ்சுக்கும் பெற்றோர் ஒரு தனி அழைப்பொலியைக் கொடுக்கின்றன, குஞ்சு அதைக் கற்றுத் தனதாக்கிக்கொள்கிறது. நாம் பெயர் வைப்பது போலத்தான். தனியாகக் கூண்டில் அடைபட்ட கிளிக்கு நாமே கூட்டம். அதனால் நம் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைவிட வேறு மருந்து இல்லை. அப்படியும் பேசாத கிளிகள் உண்டு.

பேசும் பறவைக்கு எதிர்காலமும் தெரியும் என்பது அடுத்த நம்பிக்கை. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சோதிடர் ஒருவரின் 'மணி' என்ற கிளி உலகச் செய்தியில் இடம்பெற்றது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வெல்பவரைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. ஊரே வியந்தது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்து சீட்டை எடுத்தது. கிண்ணத்தை வென்றது ஸ்பெயின். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுப்பேன்: நாணயத்தைச் சுண்டி நான்கு முறை தொடர்ந்து சரியாகச் சொல்லும் வாய்ப்பு 16இல் 1. அப்படியானால் 16 கிளிகள் சீட்டெடுத்தால் அவற்றுள் ஒன்று பெயர் வாங்கிவிடக் கூடும். சீட்டெடுக்கும் கிளி எதிர்பார்ப்பது, எடுத்தவுடன் கிடைக்கும் நெல்மணியை.

கிளிக்கு அறிவு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற பெண் ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு செல்லப்பிராணிக் கடையிலிருந்து சாம்பல்நிறக் கிளி ஒன்றை வாங்கினார். அலெக்ஸ் என்று பெயரிட்டார். 2007இல் அது இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அதற்குப் பாடம் நடந்தது. ஏறக்குறைய நூறு சொற்களைத் தெரிந்துகொண்டது. தட்டில் உள்ள பொருள்களின் நிறம், வடிவம், எண்ணிக்கை கேட்டால் சொல்லும். அங்கே இரும்புக் கோல் இல்லை. சரியாகச் சொன்னால் கேட்ட பொருள் கைக்கு வரும், அவ்வளவுதான்.

கிளியின் கண்ணைப் பற்றியும் கேளுங்கள். நிறத்தை அறிய நம் கண்ணில் மூன்று வகை அணுக்கள் உள்ளன, கிளிக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று வளர்க்கும் சிறு கிளியின் தலை இறகுகள் அந்த ஒளியை வாங்கி மஞ்சளாக மினுங்குகின்றன. வெயில் தடுப்புக் களிம்பைப் பூசி அந்த மினுக்கத்தை மறைத்தபோது இணைப் பறவையின் ஆர்வம் குறைந்ததாக 2002இல் ஆய்வாளர்கள் கண்டனர். இதைவிட வியப்பு, பச்சைக்கிளி இறகில் பச்சைச் சாயமே கிடையாது. மஞ்சள் சாயம் உண்டு. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறி நீலம் தோன்றுகிறது. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை.

பறவைக்கு மோப்பம் கிடையாது என்று நெடுநாள் நம்பினார்கள். பறவை ஓவியர் ஆடுபான் 1826இல் கழுகு வகைப் பறவைகளை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். மூடி மறைத்த பிணத்தை அவை தேடி வரவில்லை என்பது அவர் கண்டது. நூறு ஆண்டுக்கு மேல் அதுவே பாடமாக இருந்தது. ஆனால் கலிபோர்னியாவில் எரிவாயுக் குழாய் போடும் வேலையாட்களுக்கு வேறு செய்தி தெரிந்திருந்தது. வாயுவில் நாற்றப்பொருளைக் கலந்துவிட்டால், குழாய் கசியும் இடத்துக்கு மேலே அந்தக் கழுகுகள் வந்து வட்டமிடும்! 1960களில் அறிஞர்கள் அதைச் சோதித்து ஒப்புக்கொண்டார்கள். படித்தவர்களுக்கு முன் பாட்டாளிகள் கண்டுகொண்ட உண்மைகளில் இதுவும் ஒன்று. மோப்பம் உண்டு என்றால், மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடுமோ என்ற அச்சம் வரும். ஒதுக்காது. கை வாசனைக்காகத் தாய்ப்பறவை குஞ்சைக் கைவிடுவதில்லை. விழுந்த குஞ்சைப் பொந்திலேயே திரும்ப வைத்துவிடலாம்.

வைத்துவிடுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் காட்டுக் கிளிகளை உரிமம் இல்லாமல் பிடித்து வைப்பது குற்றம். பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்து அறியலாம்.

செமோர் போன்ற நம் பகுதிகளில் காணத்தக்க கிளிகளில் இரண்டைச் சொல்கிறேன். மாலையில் செம்பனைகளுக்கு மேலே கூச்சலிட்டுக்கொண்டு கூட்டமாகப் பறக்கும் நீளவால் கிளி ஒன்று. ஆணுக்குக் கன்னம் சிவப்பு, தாடை கறுப்பு. செம்பனைப் பழமும் அதற்கு இரைதான். ஆயினும் கூடு வைக்கப் பொந்துள்ள பெருமரம் வேண்டும், அவை குறைந்துவிட்டன. உலக அளவில் அழியும் ஆபத்துக்குரிய இனங்களில் இது சேர்க்கப்பட்டுள்ளது. மற்றது செரிண்டிட். சிட்டுக்குருவி அளவே இருக்கும், பச்சை உடலும் குட்டை வாலும் கொண்டது. மலர்த்தேனும் கனிந்த பழமும் உண்ணும். அது உறங்கும்போது வௌவால் போலக் கிளையில் தலைகீழாகத் தொங்கும். பார்ப்பதற்கு ஓர் இலைபோலவே இருக்கும். மாலை மங்கும் நேரத்தில் அப்படி ஒன்றைக் கண்டால், செத்துவிட்டது என்று நினைத்துக் கோலால் தட்டிப் பார்க்காதீர்கள்.