வலுவும் தொடுநேரமும்: குறுந்தூர ஓட்டப் பயிற்சி பற்றிய ஒரு வாசிப்பும் வன்னி மைதானங்களும்

வடக்கின் குறுந்தூர ஓட்டம் பற்றிய உடற்கல்வி உரையாடலில் ஒரு முடிவு கேள்விக்கு உட்படாமலே கைமாறி வருகிறது. வேகம் என்பது கால் நிலத்தின்மேல் செலுத்தும் விசை. விசை பளுத் தூக்குவதால் வளர்வது. ஆகவே நவீன ஜிம்மும் செயற்கை ஓடுபாதையும் வராதவரை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவர்கள் மாகாண மட்டத்தைத் தாண்டுவது அரிது. இதன் முதல் வாக்கியம் ஆய்வகத்திலிருந்து வந்தது. மற்ற இரண்டும் அங்கிருந்து வரவில்லை. முதல் வாக்கியத்தின் நிழலில் உள்ளே நுழைந்தவை. அடிப்படையாகக் காட்டப்படும் ஆய்வைத் திரும்பப் படித்தால், அது வன்னிக்குச் சொல்வது ஏறத்தாழ எதிர்மாறானது என்பது என் வாதம்.

அந்த ஆய்வு பீற்றர் வெயண்டும் சகாக்களும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. வெவ்வேறு திறன் கொண்ட 33 பேரை ட்ரெட்மில்லில் அவரவர் உச்ச வேகத்தில் ஓடவிட்டு அளந்தார்கள். மிக மெதுவானவரின் உச்சம் செக்கனுக்கு 6.2 மீற்றர், மிக விரைவானவரின் உச்சம் 11.1 மீற்றர். விரைவானவர் காலை மின்னல் வேகத்தில் முன்னே வீசுகிறார் என்ற பழைய நம்பிக்கை அங்கே நொறுங்கியது. ஒரு கால் நிலத்தை விட்டு மறுபடி நிலத்தைத் தொட எடுக்கும் வீச்சுநேரம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேறுபட்டது நிலத்தின்மேல் செலுத்திய விசை. உடல் எடையின் மடங்காகக் கணக்கிட்டால், மிக விரைவானவரின் சராசரித் தாங்குவிசை மிக மெதுவானவருடையதைவிட 1.26 மடங்கு. இந்த எண்தான் கால் நூற்றாண்டாகப் பளுத் தண்டின் இருபுறமும் தட்டுகளை ஏற்றி வந்திருக்கிறது.

எண் பிழையானது அல்ல. அதிலிருந்து பயிற்சி விதி ஒன்றைப் பிழிந்தெடுத்ததுதான் பிழை. 33 வெவ்வேறு மனிதர்களை ஒரே காலத்தில் ஒப்பிட்ட ஆய்வு இது. யார் விரைவானவர், அவரிடம் எது வேறுபடுகிறது என்று அது சொல்லும். ஒரே மாணவி இந்த ஆண்டைவிட அடுத்த ஆண்டு எப்படி விரைவாவாள் என்று சொல்லாது. அப்படிச் சொல்வதாக ஆசிரியர்களும் உரிமை கோரவில்லை. விசை உடல் எடையால் வகுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நம்மவர் கவனிப்பதில்லை. தொடையில் ஏறும் தசை விசையைக் கூட்டுவதோடு வகுக்கும் எண்ணையும் கூட்டுகிறது. மேலும் அளக்கப்பட்டது உச்ச வேகம் மட்டும். 100 மீற்றரின் முதற்பாதியை ஆளும் முடுக்கம் அங்கே இல்லை. அந்த இடத்தை நிரப்பிய ஜோன்-பெனுவா மொரேனின் 2011, 2012 ஆய்வுகள் மொத்த விசையின் அளவைவிட அது எவ்வளவு தூரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்றன. அவை தமிழ்க் கட்டுரைகளில் அதிகம் தலைகாட்டுவதில்லை.

இவையெல்லாம் சிறிய தடைகள். பெரிய தடை கணக்கிலேயே இருக்கிறது.

சமதரையில் நிலையான வேகத்தில் ஓடுபவர் மேலே ஏறிக்கொண்டும் போவதில்லை, கீழே இறங்கிக்கொண்டும் போவதில்லை. எனவே ஒரு முழு அடியின் சராசரி மேல்நோக்கு விசை அவர் உடல் எடைக்குச் சமமாகத்தான் இருக்கவேண்டும். இரு கால்களும் காற்றில் இருக்கும்போது நிலம் எதையும் தருவதில்லை. அப்படியானால் முழு அடிக்குமான விசையும் பாதம் நிலத்தில் தங்கும் தொடுநேரத்துக்குள் வந்து சேரவேண்டும். உடல் எடையின் மடங்காக அந்தச் சராசரி விசை எவ்வளவு? தொடுநேரத்தையும் பறப்புநேரத்தையும் கூட்டித் தொடுநேரத்தால் வகுத்தால் கிடைப்பது. விசைத்தட்டு இல்லாமலே, இரண்டு நேரங்களை மட்டும் கொண்டு இதை அறியலாம்.

இப்போது விளக்கத்துக்காக இரண்டு ஓட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் தேர்ந்தவை. வெயண்ட் கண்டபடி வீச்சுநேரம் இருவருக்கும் ஒன்றே, 0.36 செக்கன் என்போம். ஒரு காலின் வீச்சுநேரத்துக்குள் ஒரு பறப்பு, மற்றக் காலின் தொடுகை, இன்னொரு பறப்பு ஆகிய மூன்றும் அடங்கும். முதலாமவரின் தொடுநேரம் 0.14 செக்கன் என்றால் ஒவ்வொரு பறப்பும் 0.11 செக்கன், அவர் தொடுவிசை உடல் எடையைப்போல் 1.79 மடங்கு. இரண்டாமவரின் தொடுநேரம் 0.10 செக்கன் என்றால் பறப்பு 0.13, விசை 2.30 மடங்கு. இரண்டுக்குமான விகிதம் 1.29. வெயண்ட் அளந்த 1.26க்கு இது வெகு அருகில் நிற்கிறது. இந்த நெருக்கத்தை அளவுக்கு மீறி அழுத்தக்கூடாது. வேறு எண்களை எடுத்தால் விகிதம் சற்று நகரும். ஆனால் கணக்கின் அமைப்பு நகராது. வீச்சுநேரம் மாறாமல் இருக்க, தொடுநேரம் சுருங்கினால் தொடுவிசை உயர்ந்தே தீரும். ஆக அந்த ஆய்வின் "கூடுதல் விசை" என்பது தனியாக நிற்கும் காரணம் அல்ல; குறைந்த தொடுநேரத்தின் மறுபக்கம். விசையைக் காரணமென்றும் வேகத்தை விளைவென்றும் பிரித்து, காரணத்தை மட்டும் ஜிம்மில் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர் ஒரே சமன்பாட்டின் இரு பக்கங்களை இரண்டு பொருள்களாக எண்ணிக்கொள்கிறார்.

இந்த வாசிப்புக்கு அதே ஆய்வுக்குழுவின் பின்வந்த வேலையே சான்று. 2010 இல் அவர்கள் விரைவோட்டத்தை ஒற்றைக்கால் தாவலோடு ஒப்பிட்டார்கள். உச்ச வேகத்தில் ஒற்றைக்காலில் தாவும்போது நிலத்தின்மேல் செலுத்தப்பட்ட விசை ஓட்டத்தில் செலுத்தியதைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. கால் இன்னும் அதிக விசை தரவல்லது. ஓடும்போது அதைத் தர நேரம்தான் இல்லை. 2014 இல் கெனத் கிளார்க்கும் வெயண்டும் போட்டி ஓட்டக்காரரைப் பிற விளையாட்டு வீரரோடு ஒப்பிட்டபோது, ஓட்டக்காரரின் விசை தொடுகையின் முதற்பாதியிலேயே எழுந்து நிற்பதைக் கண்டார்கள். பாதம் நிலத்தைச் சந்திக்கும் கணத்தில் கணுக்கால் தொய்யாமல் இறுகுவது அவர்களின் கைவந்த கலை. மெதுவாகக் குந்தி எழும் பளுப்பயிற்சியில் தசைக்குத் தன் முழு விசையைத் திரட்டச் செக்கனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்கிறது. உச்ச வேகத்தில் பாதத்துக்கு வாய்ப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

உலகத் தரத்து ஓட்டக்காரர் எல்லோரும் பளுத் தூக்குகிறார்களே என்று கேட்பார்கள். தூக்குகிறார்கள், தூக்கட்டும். இறுகி நிற்கும் கணுக்காலுக்கும் காயமில்லாத பின்தொடைக்கும் ஓர் அடிப்படை வலு வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் செய்வது எல்லோரையும் வேறுபடுத்தாது என்பதோடு இந்த ஆட்சேபத்தை விட்டுவிடலாம்.

தொடுநேரத்தைக் குறைக்கக் கற்பிப்பது எது? முழுவேக ஓட்டம்தான், இதில் நான் தயங்கவில்லை. உச்ச வேகத்துக்கு வெளியே 0.10 செக்கன் தொடுகையைப் பழகும் இடம் மிகக் குறைவு. உயர்தர ஓட்டக்காரரின் பயிற்சி பற்றித் தோமஸ் ஹாவ்கன் குழுவினர் 2019 இல் ஆய்வு முடிவுகளையும் பயிற்றுநர் நடைமுறையையும் ஒன்றாகத் தொகுத்தார்கள். உச்ச வேகப் பயிற்சிக்கு அவர்கள் தரும் அளவைப் பார்த்தால் நம் ஆசிரியர் பலர் நம்பமாட்டார்கள். முன்னோட்டம் எடுத்துவந்து முழுவேகத்தில் கடப்பது 10 முதல் 30 மீற்றர். இரண்டு ஓட்டங்களுக்கு இடையே 4 முதல் 15 நிமிட ஓய்வு. ஓர் அமர்வின் மொத்த முழுவேகத் தூரம் 50 முதல் 150 மீற்றர். அடுத்த கடும் அமர்வுக்கு முன் 48 முதல் 72 மணித்தியாலம். முடுக்கப் பயிற்சி சற்றே கூட, மொத்தம் 100 முதல் 300 மீற்றர். பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி நின்றும் நடந்தும் கழிகிறது. அந்த ஓய்வும் பயிற்சியின் பாகம். களைத்த கால் நிலத்தில் நீண்ட நேரம் தங்கும். களைப்போடு ஓடினால் நீண்ட தொடுகையே பழக்கமாகும்.

வன்னியின் பள்ளிக்கூட மெய்வல்லுநர் பருவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் மைதானம் சேறு. தையில் பாடசாலை தொடங்குகிறது. சில வாரங்களில் இல்ல விளையாட்டுப் போட்டி. அதன்பின் வலயம், மாகாணம் என்று படிகள். அந்தச் சில வாரங்களிலும் மாலை நேரத்தில் கணிசமான பங்கை அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் எடுத்துக்கொள்ளும். (அணிநடைக்கு எதிராக எனக்கு வழக்கொன்றுமில்லை, இல்லத்துக்குப் புள்ளி அங்கேயும் கிடைக்கிறது.) மிஞ்சும் நேரத்தில் பல இடங்களில் நடப்பது மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும், மூச்சு அடங்குமுன் அடுத்த 100 மீற்றருக்கு விசில் ஊதுவதும். உழைப்பு மிகுதி, வேகப் பயிற்சி என்று சொல்லத்தக்கது சொற்பம். துணுக்காயிலோ வவுனியா வடக்கிலோ ஒரு மாணவி பின்தங்கினால் அதற்கு ஜிம் இல்லாமையைக் காரணமாக்குவதற்கு முன், அவள் அந்தப் பருவம் முழுவதிலும் களைப்பின்றி, முழுவேகத்தில் எத்தனை மீற்றர் ஓடினாள் என்று கேட்கவேண்டும்.

ஓடுபாதை பற்றிய வாதமும் இதே அளவில்தான் நிற்கும். போருக்குப் பின் அடிக்கல் நாட்டப்பட்ட கிளிநொச்சி விளையாட்டரங்கைச் சுற்றி எழுந்த எதிர்பார்ப்பு நியாயமானது. போட்டி நடத்த 400 மீற்றர் பாதை வேண்டும். பயிற்சிக்கு அது வேண்டியதில்லை. முன்னோட்டத்துக்கு 30 மீற்றர், முழுவேகத்துக்கு 30, நின்றுகொள்ள இன்னும் 40. பள்ளமும் மாட்டுக் குளம்புத் தடமும் நிரப்பி உருளை போட்டு மட்டமாக்கிய 100 மீற்றர் நீளப் புற்றரை, இரண்டு ஓடுவழி அகலம், அவ்வளவே. தரை மட்டமாக இருப்பதில் விட்டுக்கொடுக்க முடியாது. கால் எங்கே விழுமோ என்று அஞ்சும் உடல் முழுவேகத்துக்குப் போகாது. கிங்ஸ்டனில் 1999 இல் தொடங்கிய எம்விபி கழகம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புற்றரையில் பயின்றது. அங்கிருந்து புறப்பட்ட அசஃபா பவல் 2005 இல் 9.77 செக்கனில் உலக சாதனை படைத்தார். ஜமேக்காவுக்கு 1910 முதல் நடந்துவரும் பள்ளிக்கூடப் போட்டி மரபும் பயிற்றுநர் பரம்பரையும் உண்டு என்பது மறுக்கமுடியாதது. ஆனால் அது இறப்பர்ப் பாதைக்கான வாதமாகாது.

முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் ஓடவைப்பது இன்னொரு பிடிவாதம். மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும் என்று 1998 இல் அளந்திருக்கிறார்கள். கடினமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மணல் அமுங்குகிறது, பாதம் புதைகிறது, தொடுநேரம் நீள்கிறது. குறைக்கவேண்டியதை அது கூட்டுகிறது. பருவத் தொடக்கத்தில் உடலைத் தேற்றவும் காயத்திலிருந்து மீளவும் கடற்கரை நல்ல இடம், வேகத்துக்கு அல்ல. இரணைமடுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பயனுள்ள ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குளக்கட்டுக்கு ஏறும் பாதையின் இலேசான சரிவில் 15, 20 மீற்றர் ஏறி ஓடுவதும், சமதரையில் ரயர் இழுத்து ஓடுவதும் மொரேன் சொன்ன முன்னோக்கிய விசையைப் பழக்கும். இரண்டும் ஓய்வு விட்டுச் செய்தால்தான்.

பிறவித் திறனைப் பற்றி ஒரு சொல். 2003 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, விரைவுத் தசைநாரின் ஒரு புரதம் இல்லாதவர் உயர்தரக் குறுந்தூர ஓட்டக்காரரிடையே மிக அரிது என்று காட்டியது. இறுதிப்போட்டிக்கு யார் வரமாட்டார் என்பதற்கு அது ஓரளவு விடை. வலய மட்டத்தில் ஒரு பிள்ளை ஏன் அரை செக்கன் பின்தங்குகிறது என்பதற்கு அல்ல. இலங்கையின் யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3 ஆம் திகதி சுவிற்சர்லாந்தில் 9.96 செக்கனில் ஓடித் தென்னாசியாவில் 10 செக்கனுக்குள் ஓடிய முதல்வரானதும், அவர் இத்தாலியில் பயின்றவர் என்பதால், வெளிநாட்டு வசதிக்கான சான்றாகவே சொல்லப்படுகிறது. ஐரோப்பியக் கோடையின் தொடர் போட்டிகளை நான் கணக்கில் முன்னே வைப்பேன்.

வன்னிக்குத் தனியாக ஒரு வரலாற்றுச் சுமை இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. உசேன் போல்ட் பேர்லினில் 9.58 ஓடிய 2009 ஆகஸ்ட் 16 அன்று, அன்றைய வன்னி மாணவர்களில் மிகப் பலர் போரால் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாம்களின் கூடாரங்களில் இருந்தார்கள். அறுந்துபோனது மைதானம் மட்டுமல்ல. ஒரு பிள்ளையை 12 வயதில் கண்டு 19 வயது வரை கைவிடாமல் கொண்டுசெல்லும் ஆசிரியர் தொடர்ச்சியும்தான். ஜிம் கட்டிடத்தால் அது திரும்பாது.

என் வாசிப்பைச் சோதிக்க நிறுத்தற்கடிகாரம் உதவாது. கைநேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் 100 மீற்றரில் 0.24 செக்கன் வேறுபாடு கொள்வது நெடுநாள் வழக்கம். ஒரு பருவத்தின் முன்னேற்றம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் காணாமற்போகும். வைகாசிக்குப் பின் வீசும் சோளகத்தைப் பின்னால் வைத்து ஓடினால், செக்கனுக்கு 2.0 மீற்றர் என்ற காற்று வரம்பை யார் அளந்தார்? தொடுநேரத்தை அளப்பது இதைவிட எளிது. செக்கனுக்கு 240 படம் பிடிக்கும் கைத்தொலைபேசியில் 0.10 செக்கன் தொடுகை 24 படங்களாக விழும். ஒரு படம் தவறினால் பிழை 0.004 செக்கன். அயலிலுள்ள இரண்டு பாடசாலைகளை எடுத்து, ஒன்றில் பளுவை முதன்மையாக்கியும் மற்றொன்றில் ஓய்வோடு கூடிய முழுவேக ஓட்டத்தை முதன்மையாக்கியும் ஒரு பருவம் நடத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் தொடுநேரத்தையும் 30 மீற்றர் முழுவேக நேரத்தையும் இதே முறையில் எடுக்கலாம். பளுப் பிரிவின் தொடுநேரம் கூடுதலாகச் சுருங்கினால் இங்கே சொன்னதில் பயிற்சி பற்றிய பகுதி விழும். கணக்கு விழாது.