போடி மலைக்குள் எதைத் தேட நினைத்தார்கள்? பிரபஞ்சத்தின் காணாமல்போன பாதியும் நியூட்ரினோ ஆய்வகமும்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி மூணாறு போயிருக்கிறீர்களா? சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டமும் யானைக் கூட்டமும் கண்ணில் பட்டிருக்கும். அதே மலைத்தொடர் தேனி மாவட்டத்தில் இறங்கும் இடத்தில் இருக்கிறது பொட்டிபுரம். அங்குள்ள மலையைக் குடைந்து, இயற்பியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தேடத் திட்டமிட்டார்கள். கேள்வி இதுதான்: பிரபஞ்சத்தில் ஏன் ஏதாவது மிச்சம் இருக்கிறது?

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

மின்னூட்டம் உள்ள ஒவ்வொரு துகளுக்கும் எதிரான மின்னூட்டம் கொண்ட ஓர் இரட்டை உண்டு. எலக்ட்ரானுக்கு பாசிட்ரான். குவாண்டம் இயற்பியலையும் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் ஒன்றாக்கி 1928இல் பால் டிராக் எழுதிய சமன்பாட்டிலிருந்து இந்த இரட்டை வெளிப்பட்டது. 1932இல் கார்ல் ஆண்டர்சன் அதை நேரில் கண்டார். இது ஏதோ சினிமா சமாச்சாரம் இல்லை. மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேன் பாசிட்ரானை வைத்துத்தான் வேலை செய்கிறது.

பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து ஆற்றலாகிவிடும். பெருவெடிப்பின்போது இரண்டும் சம அளவில் உருவாகியிருக்க வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் எல்லாம் அழிந்து வெறும் ஒளி மட்டும்தானே மிஞ்சியிருக்க வேண்டும்? ஆனால் சுமார் நூறு கோடிக்கு ஒன்று என்ற விகிதத்தில் பொருள் கூடுதலாக இருந்திருக்கிறது. நட்சத்திரங்கள், நீங்கள், நான் எல்லாம் அந்த மிச்சம்தான்.

ஈர்ப்பு விசை பிரித்துவைத்திருக்குமோ?

எதிர்ப்பொருள் மேல்நோக்கி ‘விழுமோ’ என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா குழு எதிர் ஹைட்ரஜன் அணுக்களை விழவிட்டுப் பார்த்தது. நம் ஊர்க் கல்லைப் போல அவையும் கீழேதான் விழுந்தன என்று 2023இல் அறிவித்தது. ஆக, ஈர்ப்பு விசை இரண்டையும் எதிரெதிர் திசையில் தள்ளிப் பிரித்துவைத்தது என்ற கதை நிற்கவில்லை.

நியூட்ரினோவுக்கு இதில் என்ன வேலை?

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் மட்டும் விநாடிக்கு 6,000 கோடிக்கும் மேல் உங்கள் கட்டைவிரல் நகம் வழியே கடந்து போகின்றன. எதுவும் தெரியாது, எந்தத் தீங்கும் இல்லை. இவை போகும் வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன. இதை நிரூபித்ததற்காக தகாகி கஜிதா, ஆர்தர் மெக்டொனால்ட் இருவருக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது.

சார்பியல்படி, ஒளி வேகத்தில் போகும் துகளுக்கு காலம் நகராது. காலம் நகராவிட்டால் மாற்றம் ஏது? எனவே நியூட்ரினோவுக்குக் கொஞ்சமாவது நிறை இருந்தே ஆக வேண்டும். தொடக்கப் பிரபஞ்சத்தில் இவற்றின் கனமான உறவுத் துகள்கள் சிதைந்தபோது பொருள் பக்கம் தராசு சற்றே சாய்ந்தது என்பது ஒரு முக்கியக் கருதுகோள். அதைச் சோதிக்க, நியூட்ரினோவும் எதிர் நியூட்ரினோவும் ஒரேமாதிரி நடந்துகொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று வகை நிறைகளில் எது கனமானது என்ற வரிசையும் தெரிய வேண்டும். பொட்டிபுரத்தின் நேரடி இலக்கு இந்த வரிசைதான்.

ஏன் மலைக்குள்?

விண்ணிலிருந்து வரும் மற்ற துகள்களின் இரைச்சலைப் பாறை வடிகட்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், 1965லேயே காற்றுமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்த நாடு இது. பொட்டிபுரத்தில் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பாறை, உள்ளே 50,000 டன் காந்த இரும்பு உணர்கருவி என்பது திட்டம். காந்தப்புலம் இருப்பதால் நியூட்ரினோவையும் எதிர் நியூட்ரினோவையும் தனித்தனியே அடையாளம் காண முடியும். அதுதான் இதன் சிறப்பு.

ஏன் நின்றுபோனது?

முதலில் பார்த்த நீலகிரி சிங்காரா இடம், முதுமலை புலிகள் காப்பகம் அருகில் இருந்ததால் 2009இல் கைவிடப்பட்டது. பொட்டிபுரம் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பின் வழக்கில், தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் புதிய அனுமதி வந்தது. ஆனால், இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால், தேசிய வனவிலங்கு வாரியத்தின் அனுமதியும் தேவை என்று தீர்ப்பாயம் சொன்னது. சின்னக்கானலுக்குப் பக்கத்துக் காடுதான் அது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது. சுரங்கம் இன்றுவரை தோண்டப்படவில்லை.

எது பயம், எது நியாயம்?

‘நியூட்ரினோ கதிர்வீச்சு தாக்கும்’ என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. ஆய்வகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நம்மைக் கடந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் பாறை வெடிப்பு, அள்ளிக் கொட்டும் கல், நீரூற்று, புலிகளின் வழித்தடம் பற்றிய கேள்விகளை அதே கூடையில் போட்டு ஒதுக்கிவிட முடியாது. காட்டுக்கு மாநில எல்லை தெரியாது. சின்னக்கானலில் 2023 ஏப்ரலில் பிடிக்கப்பட்டு பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே கம்பம் தெருவில் நடந்ததே!

சீனாவின் ஜூனோ 2025இல் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய உணர்கருவிகள் தயாராகின்றன. விடை எங்கிருந்தாவது வந்துவிடும். அது போடி மலையிலிருந்து வருமா என்பதற்கு இயற்பியல் மட்டும் பதில் சொல்ல முடியாது. அடிவாரத்தில் விவசாயம் பார்ப்பவர்களும், மேலே இருக்கும் காடும் அதில் கட்சிக்காரர்கள்.