கடலைக் கண்ட கமரா

உழைப்பவன் கலைக்குப் பொருளாவது ஒரு வெற்றியே. ஆனால், அவனது உழைப்பின் பயன் எவரைச் சென்றடைகின்றது என்பதும் கூறப்பட்டாலன்றி அவ்வெற்றி முழுமை பெறாது. கடலோர மக்களைப் பற்றிய விவரணப்படங்களின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

1929 இல் ஜோன் கிரியேர்சன் ‘டிரிஃப்டர்ஸ்’ படத்தை வெளியிட்டார். வடகடலில் ஹெரிங் மீன் பிடிப்போரின் உழைப்பே அதன் பொருள். தொழிலாளியைப் பெரும்பாலும் நகைப்புக்குரியவனாகவே காட்டிவந்த பிரித்தானியத் திரையில் இது புதுமை. எனினும் படத்துக்குப் பணம் தந்தது பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை. மீன் சந்தையில் விலைபோவதைக் காட்டிய படம், வலையிழுத்தவனின் பங்கு யாதென வினவவில்லை.

1934 இல் றொபேட் பிளாஹேர்ட்டி அயர்லாந்தின் அரன் தீவுகளில் ‘மான் ஒவ் அரன்’ படத்தை எடுத்தார். அதில் தாய், தந்தை, மகனாகத் தோன்றுவோர் ஒரே குடும்பத்தினரல்லர். படத்தின் உச்சமான சுறா வேட்டையோ அங்கு நெடுங்காலத்துக்கு முன்னரே வழக்கொழிந்தது. படத்துக்காகவே தீவினர் அதனைப் புதிதாகப் பயின்றனர். நிலவுடைமையாளரின் கொடுமை படத்தில் இடம்பெறவில்லை. இயற்கையோடு போராடும் மனிதனைக் காட்டிவிட்டால், மனிதனோடு போராடும் மனிதனைக் காட்ட வேண்டியதில்லையன்றோ? முசோலினியின் இத்தாலி அதற்கு வெனிஸ் விழாவில் பரிசளித்தது.

அதே ஆண்டில், தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் றைற் நம் நாட்டைப் பற்றி ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தை ஆக்கினார். உழைப்பின் காட்சிகள் மீது சந்தை விலைகளை ஒலிக்கவைத்து, வாணிபத்தின் கை எவ்வளவு நீண்டதென்பதை அவர் குறிப்பாலேனும் உணர்த்தினார்.

குறிப்பாலன்றி வெளிப்படையாகவே பேசியது விஸ்கொந்தியின் ‘லா தெர்ரா திரேமா’ (1948). இது கதைப்படமே, ஆயினும் சிசிலியின் அச்சித்திரேஸ்ஸா மீனவரே தம் பேச்சுமொழியில் நடித்தனர். மொத்த வியாபாரிகளிடமிருந்து விடுபட, வீட்டை அடகுவைத்துச் சொந்தத் தொழில் தொடங்குகின்றது ஒரு குடும்பம். படகைச் சிதைப்பது புயல். குடும்பத்தைச் சிதைப்பது கடன். முற்பணம் வாங்கிவிட்டுச் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கும் நம் கரையோரத்தவருக்கு இக்கதை அந்நியமானதன்று.

‘டிரிஃப்டர்ஸ்’ காட்டிய ஹெரிங் வளமும் அளவுமீறிய பிடிப்பினால் அருகியது. 1977 இல் வடகடலில் அம்மீன்பிடி தடைசெய்யப்பட்டது. அலையின் அழகு படச்சுருளில் எஞ்சியிருக்கின்றது. அன்று வினவாது விட்ட வினாவும் எஞ்சியிருக்கின்றது. நம் கரைக்குக் கமராவோடு வருவோர் கடலைக் காட்டட்டும். கரையில் எழுதப்படும் கடன் கணக்கையும் காட்டட்டும்.