காலிப் பெட்டியின் வரலாறு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். வீட்டை மாற்றிப் பார் என்பதையும் அதோடு சேர்த்திருக்கலாம்! காங்கேயத்தில் இருந்து திருப்பூருக்கோ கோவைக்கோ குடி போகும் குடும்பத்துக்கு வண்டி கிடைத்துவிடும், சாமான் ஏற்ற ஆளும் கிடைத்துவிடும். காலி அட்டைப்பெட்டிக்குத்தான் அலைய வேண்டும். புதுப்பெட்டி இருபது வாங்கினால் மாதச் சம்பளக்காரருக்குக் கையைக் கடிக்கும். மளிகைக்கடையில் கேட்டால் "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சுங்க" என்று பதில் வரும்.

முன்பு சும்மா கொடுத்த பொருளுக்கு எப்படி விலை வந்தது? அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மண்ணெண்ணெய் டின்னும் சாக்கும்

அந்தக் காலத்தில் குடி மாறுவதற்கென்று தனியாகப் பெட்டி தேவைப்படவில்லை. அண்டாவுக்குள் குண்டா, குண்டாவுக்குள் சொம்பு என்று பாத்திரமே பாத்திரத்துக்குப் பெட்டியாக இருந்தது. துணிமணி டிரங்குப் பெட்டியில் போகும். மீதி எல்லாம் சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் ஏறும். அரிசி ஆலைகளும் கொப்பரைக் களங்களும் நிறைந்த காங்கேயத்தில் சாக்குக்கா பஞ்சம்?

அதன் பிறகு வந்தது தகர டின். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க மண்ணெண்ணெய் ஆசியாவுக்கு டின்களில்தான் வந்தது. ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு டின் இருக்கும். 1892-ல் லண்டன் வியாபாரி மார்கஸ் சாமுவேல் செலவைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். டின்னே இல்லாமல், 'மூரெக்ஸ்' என்ற டேங்கர் கப்பலில் எண்ணெயை மொத்தமாக நிரப்பி சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பினார். வாங்குபவர்கள் பாத்திரம் கொண்டு வருவார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பிப் போனது! மக்களுக்கு எண்ணெய் எவ்வளவு முக்கியமோ அந்தக் காலி டின்னும் அவ்வளவு முக்கியம். தண்ணீர் பிடிக்க, தானியம் போட, வெட்டி விரித்துக் கூரை வேய என்று அதற்கு ஆயிரம் வேலை. கடைசியில் சாமுவேல் தகரத் தகடுகளைக் கப்பலில் அனுப்பி, அந்தந்த ஊரிலேயே சிவப்பு டின் செய்து விற்க வேண்டியதாயிற்று. இவர்தான் 1897-ல் ஷெல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

இந்தச் சம்பவத்தில் ஒரு உண்மை இருக்கிறது. சாதாரணக் குடும்பம் பெட்டியைத் தனியாக விலை கொடுத்து வாங்குவது குறைவு. வியாபாரம் தூக்கிப் போடும் பெட்டியைத்தான் எடுத்துப் புழங்கும். இங்கிலாந்தில்கூட வீடு மாற்றுபவர்கள் வெகுகாலம் பயன்படுத்தியது, நம் பக்கத்துத் தேயிலையும் போன அதே பிளைவுட் தேயிலைப் பெட்டிகளைத்தான்.

அட்டை வந்த கதை

நெளிநெளியாக மடித்த காகிதத்துக்கு 1856-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள். எதற்குத் தெரியுமா? உயரமான தொப்பிகளுக்கு உள்பட்டையாக வைக்க! 1871-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் பாட்டில்களைச் சுற்றப் பயன்படுத்தினார். 1874-ல் ஆலிவர் லாங் நெளிவின் மேல் ஒரு தாளை ஒட்டி வலுவாக்கினார். 1879-ல் புரூக்ளினில் ராபர்ட் கெய்ர் என்பவரின் அச்சகத்தில் ஒரு தவறு நடந்தது. பைகளை மடிக்க வேண்டிய உலோகப் பட்டை இடம் மாறி, பைகளை வெட்டிவிட்டது. ஒரே அழுத்தத்தில் வெட்டவும் மடிக்கவும் முடியும் என்பது அவருக்குப் புரிந்தது. மடக்கிவைக்கும் பெட்டி பிறந்தது.

ஆனாலும் மரப்பெட்டி சுலபத்தில் இடம் கொடுக்கவில்லை. அமெரிக்க ரயில் நிறுவனங்கள் அட்டைப்பெட்டிச் சரக்குக்குக் கூடுதல் கட்டணம் போட்டன. பிரிதம் என்ற கலிபோர்னியப் பெட்டி நிறுவனம் தொடுத்த வழக்கில் 1914-ல் அட்டைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகுதான் அட்டையின் காலம்.

கொங்கு நாட்டுக்கு அட்டைப்பெட்டியைப் பெரிய அளவில் கொண்டுவந்தவற்றில் பனியன் ஏற்றுமதி முக்கியமானது. 1978-ல் இத்தாலிய வியாபாரி ஒருவர் திருப்பூருக்கு வந்ததில் இருந்து அந்தக் கதையைத் தொடங்குவார்கள். பனியன் வெளிநாடு போக ஐந்தடுக்கு, ஏழடுக்குப் பெட்டி வேண்டும். நூல் கோன்களும் பெட்டியில் வரும். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயும், பழைய 15 கிலோ டின்னோடு, பாக்கெட்டாகி அட்டைப்பெட்டிக்குள் போனது. ஊரெல்லாம் பெட்டி! காலிப் பெட்டியும் தாராளமாகப் புழங்கியது.

சும்மா கிடைத்தது ஏன் நின்றது?

பழைய அட்டை குப்பை அல்ல, மூலப்பொருள். உடுமலை, கோவை வட்டாரத்துக் கிராஃப்ட் காகித ஆலைகள் அதைக் கூழாக்கி மறுபடி பெட்டிக் காகிதம் செய்கின்றன. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். அதனால் நல்ல நாருள்ள வெளிநாட்டுக் கழிவுக் காகிதமும் கப்பலில் வந்தாக வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல் சீனா கழிவுப் பொருள் இறக்குமதியை முழுவதுமாக நிறுத்தியது. பெட்டி மட்டும் அவர்களுக்கு வேண்டுமே! கழிவுக்குப் பதிலாக, அதில் இருந்து செய்த காகிதச் சுருள்களை இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வாங்கத் தொடங்கினார்கள். இங்கே கிராஃப்ட் விலை ஏறியது, அதோடு பழைய அட்டையின் எடை விலையும் ஏறியது. பெட்டி செய்பவர்கள் அரசிடம் முறையிட்டார்கள்.

வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். கடைக்காரர் ஒரு பெட்டியை இலவசமாகக் கொடுத்தால் எடைக்காசை இழக்கிறார். அந்தக் காசு சில பைசாவாக இருந்தவரை "எடுத்துக்கோங்க" என்றார். அது ரூபாயானதும் யோசிக்கிறார். பெய்ஜிங்கில் போட்ட உத்தரவு காங்கேயம் பஸ் ஸ்டாண்டு மளிகைக்கடை வரை வந்துவிட்டது!

வரியும் அதன் பங்கைச் செய்தது. நெளிவு அட்டைப்பெட்டிக்கு ஜி.எஸ்.டி. 2017-ல் 12 சதவீதம், 2021 அக்டோபரில் 18, 2024 ஜூலையில் மீண்டும் 12, 2025 செப்டம்பர் 22 முதல் 5. வரி குறைந்தால் புதுப்பெட்டி மலிவாகும் என்று தோன்றும். ஆனால் பெட்டி செய்யும் கிராஃப்ட் காகிதத்துக்கு அதே நாளில் 18 சதவீதம் ஆனது. வாங்கும்போது 18, விற்கும்போது 5 என்றால் சிறு உற்பத்தியாளரின் பணம் வரித்துறையில் முடங்கும்.

வீடு மாறும் குடும்பத்துக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான். காலிப் பெட்டி இரக்கத்தால் சும்மா கிடைக்கவில்லை, மலிவாக இருந்ததால் கிடைத்தது. இன்று அதற்கு அடிப்படை விலை அதன் எடைதான். பழைய அட்டைக் கடையில் எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் நல்ல பெட்டியாகப் பார்த்து எடுக்கலாம். அதுவும் புதுப்பெட்டியைவிட மலிவுதான். குடியேறிய பிறகு அதே கடையில் போட்டால் ஒரு பங்கு திரும்பியும் வரும். அப்படியே மடக்கி, ஈரம் படாமல் பரணில் வைத்தால் அடுத்து வீடு மாறும் சொந்தக்காரருக்கு உதவும். அந்தக் காலத்துத் தகர டின்னும் இப்படித்தான் வீடு வீடாகப் போனது.