ஆயாவின் நெஞ்சும் ஒரு கையடக்க ஸ்கேனும்

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட் எழுதும் பெண்ணுக்கு இதய ஸ்கேனில் என்ன வேலை என்று வகுப்புத் தோழிகள் கேட்பார்கள். காரணம் எங்கள் ஆயா.

போன மார்கழியில் மடுகரையில் எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஆயாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் ஆறும். இருமல் வேறு. பனிக்காலத்துச் சளி என்று நினைத்தோம். பத்து நாள் இருமல் மருந்து, ஆவி, கஷாயம் எல்லாம் ஆயிற்று. கால் வீங்கியதைக்கூட "நாலு நாளா உக்காந்தே கெடக்கறேன், அதான்" என்று ஆயாவே சொல்லிவிட்டார்.

கடைசியில் டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே இளம் டாக்டர் ஒருவர், ஷேவிங் மிஷின் அளவில் இருந்த ஒன்றைத் தன் செல்போனில் மாட்டி, ஜெல் தடவி, கட்டிலிலேயே ஆயாவின் நெஞ்சிலும் விலாவிலும் வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்தான். "சளி இல்ல பாட்டி. இதயம் பம்ப் பண்றது குறைஞ்சிருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு" என்றார். நீர் பிரிய ஊசி போட்டார்கள். மறுநாள் பெரிய எக்கோ மிஷினிலும் அதையேதான் சொன்னார்கள். அந்த மறுநாள் ராத்திரி ஆயா படுத்துத் தூங்கினார்.

இவ்வளவு சின்னக் கருவி எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருந்திருந்தால் பத்து நாள் அவஸ்தை மிச்சமாகியிருக்குமே? விலைதான் காரணம் என்று நினைத்துத் தேடினேன். விலை பாதிக் கணக்குதான் என்று பிறகு தெரிந்தது. மீதிக் கணக்கு வரலாற்றில் இருக்கிறது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது அல்ல. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் திணறுவது. அதனால் பின்னால் அழுத்தம் ஏறி நுரையீரலிலும் காலிலும் நீர் சேர்கிறது. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில் இந்த நோயோடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள். சீக்கிரம் கண்டுபிடிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

நெஞ்சுக்குள் நடப்பதை வெளியிலிருந்து அறியும் முயற்சி பழையது. 1816-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் லென்னக் என்ற டாக்டரிடம் இதய நோய் அறிகுறிகளோடு ஒரு இளம்பெண் வந்தாள். அந்தக் காலத்தில் நோயாளியின் மார்பில் காதை வைத்துத்தான் கேட்பார்கள். பெண் என்பதால் அவருக்குக் கூச்சம். காகிதத்தைக் குழல்போல் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். ஸ்டெதாஸ்கோப் பிறந்தது இப்படித்தான். ஏழு வருடம் கழித்து, 1823-ல், அதே பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான்.

ஆனால் குழலால் கேட்கத்தான் முடியும், பார்க்க முடியாது. பார்க்கும் வழியும் ஒலியிலிருந்தே வந்தது. 1880-ல் கியூரி சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகிறது என்று கண்டார்கள். முதல் உலகப் போரில் லாஞ்செவின் அதைப் பயன்படுத்தி, காதுக்குக் கேட்காத ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, அதன் எதிரொலியால் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் வழியை உருவாக்கினார். பிறகு உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவும் அதே முறை வந்தது.

சுவீடனில் லுண்ட் நகரத்து இதய டாக்டர் எட்லருக்கு ஒரு சிக்கல். அறுவை சிகிச்சைக்கு முன் இதய வால்வின் நிலையைச் சரியாக அறிய முடியவில்லை. அவரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் சேர்ந்தார்கள். மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியை ஹெர்ட்ஸ் இரவல் வாங்கித் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். எதிரொலி அசைந்தது! பிறகு சீமென்ஸ் கொடுத்த கருவியால் 1953 அக்டோபர் 29 அன்று இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'எக்கோ' அதிலிருந்து வந்ததுதான்.

அதன்பின் கதை முழுக்க மிஷின் சுருங்கிய கதை. 1978-லேயே நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் ரோலண்ட் குழுவினர் கையில் பிடிக்கும் ஸ்கேனரை நோயாளிகளிடம் சோதித்தார்கள். படம் அவ்வளவு தெளிவில்லை. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் போர்க்களத்துக்காக வளர்ந்த தொழில்நுட்பம், 1999-ல் 'சோனோசைட் 180' என்று இரண்டரைக் கிலோ அளவில் வெளிவந்தது. 2010-ல் சட்டைப்பையில் போடும் 'விஸ்கேன்' வந்தது. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'பட்டர்ஃபிளை', படிகங்களுக்குப் பதிலாக ஒரு சிலிக்கான் சில்லை வைத்து விலையை இரண்டாயிரம் டாலருக்குள் கொண்டுவந்தது.

மிஷின் சுருங்கினால் மட்டும் போதாது, எதைப் பார்ப்பது என்றும் தெரிய வேண்டும். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் அல்ட்ராசவுண்ட் புகாது, ஆகவே அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 1997-ல் பிரெஞ்சு டாக்டர் லிக்டென்ஸ்டைனும் அவர் குழுவும் வேறு மாதிரிச் சொன்னார்கள். நுரையீரலில் நீர் கோத்தால் திரையில் மேலிருந்து கீழாக, வால்நட்சத்திரத்தின் வால்போல் வெள்ளைக் கோடுகள் விழும். ஆயாவின் விலாவில் அந்த இளம் டாக்டர் தேடியது இந்தக் கோடுகளைத்தான். கூடவே இதயம் சுருங்கும் வேகத்தையும், இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாய் உப்பியிருக்கிறதா என்பதையும் பார்த்தால் மூச்சு வாங்குவதற்கு இதயம் காரணமா, நுரையீரல் காரணமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனாலும் இது முழு எக்கோவுக்கு மாற்று இல்லை. பழகாத கையில் இருந்தால் தப்பான முடிவும் வரும்.

இந்தியாவுக்கு இது புதிதா என்றால் இல்லை. 2012 ஜனவரியில் ஹரியானாவின் சிர்சாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சின்ன எக்கோ கருவிகளால் ஸ்கேன் எடுத்து, படங்களை இணையத்தில் அனுப்பி, பல நாடுகளில் இருந்த 75 டாக்டர்கள் பார்த்துச் சொன்னார்கள். இதய வால்வு நோயாளிகளை வைத்துப் பெங்களூரில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், பாக்கெட் எக்கோ போன்ற செல்போன் கருவிகளால் முதலில் பார்க்கப்பட்டவர்கள் வால்வு சிகிச்சைக்குப் போய்ச் சேரச் சராசரியாக 83 நாள் ஆனது. வழக்கமான முறையில் 180 நாள்.

சரி, இவ்வளவு நல்ல கருவி ஏன் ஒவ்வொரு கிராமத்து டாக்டர் பையிலும் இல்லை?

இங்கேதான் மீதிக் கணக்கு வருகிறது. இதயத்தைக் காட்டும் அதே ஒலிதான் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதையும் காட்டுகிறது. நம் நாட்டில் அது எதற்குப் பயன்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆறு வயதுக்குட்பட்டவர்களில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991-ல் 945 பெண் குழந்தைகள். 2001-ல் 927. 2011-ல் இன்னும் குறைந்தது. 1994-ல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1996 முதல் நடைமுறை. 2003-ல் அது கடுமையாக்கப்பட்டது. வண்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் சின்ன மிஷின்களுக்காக 2012-ல் தனி விதியும் வந்தது. அதன்படி, பதிவு பெற்ற இடத்தில் உள்நோயாளிகளுக்கோ, பதிவு பெற்ற நடமாடும் மருத்துவ வண்டியிலோதான் அவற்றைப் பயன்படுத்தலாம். நான் இதயம் மட்டும்தான் பார்ப்பேன் என்று டாக்டர் சொன்னாலும், பாலினத்தைக் காட்டக்கூடிய மிஷின் என்றால் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

இதைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. யாரோ செய்த தப்புக்கு என் ஆயா ஏன் மூச்சு முட்ட உட்கார்ந்திருக்க வேண்டும்? அப்புறம் யோசித்தேன். அந்தச் சட்டம் கடுமையானதற்குச் சற்றுப் பின் பிறந்த பெண் நான். ஆயாவுக்கு அந்த மிஷின் வேண்டும், என் போன்றவர்களுக்கு அந்தச் சட்டம் வேண்டும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு பக்கம் மட்டும் எழுதிக் கணக்கை முடிக்க முடியாது.

சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியே இரண்டு கதவுகளைத் திறந்துதான் வைத்திருக்கிறது. படுக்கை வசதியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களையும், கிராமத்துக்கு வரும் மருத்துவ வண்டிகளையும் முறையாகப் பதிவு செய்து, ஆளுக்குப் பயிற்சி கொடுத்து, மிஷினுக்குக் கணக்கு வைத்து நடத்தினால் சட்டமும் நிற்கும், ஆயாக்களும் பிழைப்பார்கள். அது செலவு பிடிக்கும், சோம்பேறித்தனம் இல்லாத நிர்வாகமும் வேண்டும்.

ஆயா இப்போது உப்பைக் குறைத்து, தினமும் காலையில் எடை பார்த்து, காலண்டரில் என்னை எழுதச் சொல்கிறார். திடீரென எடை ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம். இந்தச் சட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆயாவுக்கு முதலில் மூன்று பெண்கள், நான்காவதுதான் என் அப்பா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர் சொன்னார்:

"நல்லவேள பாப்பா, அந்தக் காலத்துல இந்த மிஷின் நம்ம ஊருக்கு வரல. வந்திருந்தா உங்க அத்தைங்க மூணு பேர்ல யாரு இருந்திருப்பாளோ... என் மாமியார் லேசுப்பட்டவ இல்ல."

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஆயாவின் தலைமாட்டில் ராத்திரி முழுக்கக் கண்விழித்திருந்தது என் பெரிய அத்தைதான்.