இளம் குவார்ட்டர்பேக்கை அளந்த அளவுகோல்கள்: அமெரிக்கக் கால்பந்தில் எறிதல் புள்ளிவிவரங்களின் வரலாறு, 1932–2024

அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்டில்’, 1970ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி எல்லாருக்கும் முதலாகத் தேர்ந்தெடுத்த டெரி பிராட்ஷா, தம் முதல் பருவத்தில் 218 முறை பந்தை எறிந்தார். அவற்றில் 83 சக வீரர்களின் கைசேர்ந்தன. 24 எதிரணியிடம் பறிபோயின. கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத்தந்த ‘டச்டவுன்’ எறிதல்கள் ஆறே ஆறு. இன்றைய பதிவேடுகளைப் புரட்டினால் அந்தப் பருவத்துக்கு நேரே 30.4 என்ற ‘பாஸர் ரேட்டிங்’ இருக்கும். பிராட்ஷா அந்தப் பருவத்தை ஆடியபோது அப்படியோர் எண்ணே கிடையாது. அதற்கான சூத்திரம் 1973இல்தான் வந்தது. பழைய பருவங்களுக்கெல்லாம் பிற்பாடு கணக்கிட்டு எழுதிவைத்தார்கள். 30.4 வாங்கிய அந்த இளைஞர் பின்னாளில் நான்கு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்று, 1989இல் இவ்விளையாட்டின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

இந்த முரணை ‘எண்கள் பொய் சொல்லும்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. இக்கட்டுரை அதைச் சொல்லவில்லை. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கை அளக்கக் கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் வந்த ஒவ்வோர் அளவுகோலும் தான் பிறந்த காலத்து ஆட்டத்தையே இயல்பான ஆட்டம் என்று எடுத்துக்கொண்டது. மூத்த வீரரை எடைபோட வெற்றிகள், கோப்பைகள், எதிரணியினரின் சாட்சியம் என வேறு ஆதாரங்கள் உண்டு. முதல் பருவத்தை முடித்த இருபத்திரண்டு வயதுக்காரருக்கு முந்நூறு எறிதல்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அளவுகோலின் கோணல் முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது.

முன்னோக்கி எறிவதை விதிகள் அனுமதித்தது 1906இல். தொழில்முறைக் கழகமான என்.எஃப்.எல். அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். மொத்தம் எத்தனை கெஜம் எறிந்தார் என்பதே அப்போதைய ஒரே கேள்வி. கிரீன் பே அணியின் ஆர்னி ஹெர்பர் 639 கெஜத்துடன் முதலிடம் பெற்றார். இன்று நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே அதை எட்டிவிடுவார். 1937இல் டெக்சஸிலிருந்து வாஷிங்டன் அணிக்கு வந்த சாமி பா, முதல் பருவத்திலேயே 81 எறிதல்களைக் கைசேர்த்து 1,127 கெஜம் எடுத்து, அணிக்குக் கோப்பையையும் வாங்கித் தந்தார். எறிதல் என்பது அவசரத்துக்குச் செய்யும் சாகசமாக இருந்த நிலை அவரோடு மாறத் தொடங்கியது.

மறு ஆண்டே கழகம் அளவுகோலை மாற்றியது. 1938 முதல் 1940 வரை கைசேர்ந்த விழுக்காடு. 1941 முதல் பல பிரிவுகளில் வாங்கிய தரவரிசைகளின் கூட்டல். 1950களில் எறிதலொன்றுக்குக் கிடைத்த சராசரி கெஜம். 1960களில் மறுபடி தரவரிசைக் கூட்டல். தரவரிசைக் கூட்டலில் ஒரு விநோதம் இருந்தது. ஒருவரின் இடம் தம் எறிதலால் மட்டும் தீர்மானமாகாது. வேறோர் ஊரில் இன்னொருவர் மோசமாக ஆடினாலும் இவர் மேலேறிவிடுவார். ஓர் ஆண்டின் புதுமுகத்தை ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய புதுமுகத்தோடு ஒப்பிடவே முடியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்படி கழகத் தலைவர் பீட் ரோஸல் கேட்டுக்கொண்டதன்பேரில், ஹால் ஆஃப் ஃபேமைச் சேர்ந்த டான் ஸ்மித் வகுத்ததே 1973ஆம் ஆண்டுச் சூத்திரம். கைசேர்ந்த விழுக்காடு, எறிதலொன்றுக்கான கெஜம், டச்டவுன் விழுக்காடு, பறிபோன விழுக்காடு என்று நான்கு கூறுகள். 1960 முதல் 1970 வரையிலான ஆட்டங்களின் சராசரியை வைத்து, ஒவ்வொரு கூறிலும் சராசரி ஆட்டத்துக்கு 1 என்று மதிப்பிட்டார்கள். எந்தக் கூறும் 2.375க்கு மேலும் போகாது, பூஜ்யத்துக்குக் கீழும் இறங்காது. நான்கையும் கூட்டி, ஆறால் வகுத்து, நூறால் பெருக்கினால் சராசரிக்காரருக்கு 66.7, உச்சவரம்பு 158.3.

இந்தச் சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் மாற்றுவிகிதத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும். குணகங்களை ஒன்றால் ஒன்றை வகுத்தால், கைசேர்ந்த ஓர் எறிதல் 20 கெஜத்துக்குச் சமம். ஒரு டச்டவுன் 80 கெஜம். பறிபோன பந்து 100 கெஜ நஷ்டம். ஆக, பக்கத்தில் நிற்பவரிடம் பந்தைத் தட்டிவிட்டு, அவர் ஐந்து கெஜம் பின்னால் விழுந்தாலும், சூத்திரத்தின் கண்ணில் அது 15 கெஜ லாபம். களத்தில் அணி பின்வாங்கியிருக்கும், ஏட்டில் முன்னேறியிருக்கும். கீழ்வரம்பு செய்யும் வேலை இன்னும் வேடிக்கையானது. பறிபோன விழுக்காடு 9.5ஐத் தாண்டினால் அந்தக் கூறு பூஜ்யத்தில் நின்றுவிடும். 218 எறிதல்களில் அந்த எல்லை 21ஆவது இன்டர்செப்ஷனோடு, அதாவது பறிபோன பந்தோடு, வந்துவிடுகிறது. பிராட்ஷா பறிகொடுத்த கடைசி மூன்று பந்துகள் அந்த 30.4ஐ ஒரு துளியும் குறைக்கவில்லை. அவை சும்மா கிடைத்தவை!

சூத்திரத்துக்கான தரவுக் காலம் முடிகிற தறுவாயில், ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில் நடந்தவற்றை ஆய்வாளர்கள் சேர்த்துப் படிப்பது குறைவு. என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனையே அதுதான். 1969இல் பெங்கால்ஸ் அணிக்கு வந்த கிரெக் குக் என்ற இளைஞர், முதல் பருவத்தில் எறிதலொன்றுக்கு 9.4 கெஜம் எடுத்தார். நீளமாக, துணிந்து எறிவது அவர் பாணி. ஆனால் அதே பருவத்தில் தோளில் பட்ட காயம் சரியாகக் கண்டறியப்படாமல் முற்றி, அவர் ஆட்ட வாழ்க்கையே முடிந்துபோனது. அவருக்குப் பதிலாக வந்த வர்ஜில் கார்ட்டருக்கு அவ்வளவு கைவலிமை கிடையாது. உதவிப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவருக்கேற்பக் குறுந்தூர எறிதல்களை அடுக்கி ஒரு தாக்குதல் முறையை வகுத்தார். 1971இல் கழகத்திலேயே அதிகக் கைசேர்ந்த விழுக்காடு கார்ட்டருடையது: 62.2. பின்னர் வால்ஷ் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எடுத்துச்சென்று கோப்பைகளை அள்ளிய முறையின் வித்து இதுவே.

அதே கார்ட்டர் இன்னொரு காரியமும் செய்தார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகவியல் படித்தவர். அங்கே பேராசிரியராக இருந்த ராபர்ட் மேக்கோலுடன் சேர்ந்து 1969ஆம் ஆண்டு ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாகக் குறித்து, களத்தின் எந்த இடத்தில் பந்து இருந்தால் அடுத்து வரக்கூடிய புள்ளிகளின் சராசரி எவ்வளவு என்று கணக்கிட்டார். கட்டுரை 1971இல் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ இதழில் வந்தது. தன் கோல் கோட்டை ஒட்டிப் பந்தை வைத்திருப்பது எதிர்மறை மதிப்புடையது, அதாவது அடுத்த புள்ளிகளை எதிரணி எடுக்கவே வாய்ப்பு அதிகம் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. எல்லாக் கெஜமும் ஒரே விலையல்ல என்று முதன்முதலில் எண்ணால் காட்டியவர், அப்போது களத்தில் நின்று பந்து எறிந்துகொண்டிருந்த ஒரு குவார்ட்டர்பேக்! கழகம் இதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாண்டு கழித்து அது ஏற்றுக்கொண்ட சூத்திரத்தில் எல்லாக் கெஜமும் ஒரே விலைதான்.

1978இல் விதிகள் மாறின. ஐந்து கெஜத்துக்கு அப்பால், எறியும் பந்தை வாங்க ஓடும் ‘ரிசீவரை’த் தற்காப்பு வீரர் இடித்துத் தடுக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் வரிசையினர் கையை நீட்டி, விரித்த உள்ளங்கையால் தடுக்கலாம். இவற்றோடு வால்ஷின் குறுந்தூர முறையும் பரவியபோது, கைசேர்ந்த எறிதலுக்கு 20 கெஜம் போனஸ் தந்த சூத்திரம் வீங்கத் தொடங்கியது. 2018இல் கழகத்தின் சராசரி ரேட்டிங் 90ஐத் தாண்டியிருந்தது. 66.7 என்ற பழைய ‘சராசரி’ வாங்கும் இளைஞர் இன்று பெஞ்சில் உட்கார வேண்டிய நிலை. ஐம்பதுகளின் டெஸ்ட் ஆட்டத்தில் எடுத்த ரன்விகிதத்தைச் சராசரியாக வைத்துக்கொண்டு ஐ.பி.எல். மட்டையாளரை மதிப்பிட்டால் எல்லாரும் மேதைகளாகத் தெரிவார்கள் இல்லையா, அந்தக் கதைதான்.

மாற்று முயற்சிகள் கழகத்துக்கு வெளியேதான் பிறந்தன. பாப் கேரல், பீட் பால்மர், ஜான் தார்ன் மூவரும் 1988இல் வெளியிட்ட ‘தி ஹிடன் கேம் ஆஃப் ஃபுட்பால்’ நூல், கைசேர்ந்த எறிதலுக்கான போனஸை அடியோடு நீக்கியது. டச்டவுனுக்கு 10 கெஜம் கூட்டி, பறிபோன பந்துக்கு 45 கெஜம் கழித்து, எறிதல் எண்ணிக்கையால் வகுத்தது. பிற்பாடு வந்தவர்கள் இதில் ‘சாக்’கையும் சேர்த்தார்கள், அதாவது எறியுமுன்னே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது. இளைஞரை அளக்க இது முக்கியமான சேர்க்கை. பந்தை விடாமல் வைத்துக்கொண்டு அடிபடுவது புதுமுகத்தின் வழக்கமான பலவீனம். பாஸர் ரேட்டிங்குக்கு அது கண்ணிலேயே படாது. 2023இல் கரோலைனா அணியின் பிரைஸ் யங் 62 முறை வீழ்த்தப்பட்டார். அவருடைய 73.7 என்ற ரேட்டிங்கில் அந்த 62இல் ஒன்றுகூட இல்லை. 2000களுக்குப் பின் நகர்வுவாரித் தரவு எல்லாருக்கும் கிடைக்கத் தொடங்கியதும் கார்ட்டர் போட்ட கணக்கு ‘எதிர்பார்க்கப்படும் புள்ளிகள்’ என்ற பெயரில் திரும்பிவந்தது. வீரர்களின் தோள்கவசத்தில் சில்லுகள் பொருத்தப்பட்டதும், ரிசீவருக்கும் தற்காப்பு வீரருக்கும் இடையே எத்தனை கெஜ இடைவெளி இருந்தது என்பதை வைத்து ‘இந்த எறிதல் கைசேர எவ்வளவு வாய்ப்பு’ என்றுகூடக் கணக்கிட முடிந்தது.

இந்தக் கருவிகளோடு பழைய இணைகளைத் திரும்பிப் பார்க்கலாம். 1998இல் பெய்டன் மானிங், ரயன் லீஃப் இருவரும் டிராஃப்டில் முதல் இரண்டு இடங்கள். மானிங் 28 பந்துகளைப் பறிகொடுத்தார். புதுமுகம் ஒருவர் அதுவரை செய்யாத சாதனை. லீஃப் பறிகொடுத்தது 15. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் ஏமாந்திருப்பார். மானிங் எறிந்தது 575 முறை, லீஃப் 245 முறை; ரேட்டிங் 71.2, 39.0. இங்கே பழைய சூத்திரமே சரியாகப் பிரித்துக் காட்டியது. பெரிய வித்தியாசத்தைப் பிடிக்க நுண்ணிய கருவி தேவையில்லை.

2012 அப்படியல்ல. வாஷிங்டனின் ராபர்ட் கிரிஃபின் 102.4, இண்டியானபொலிஸின் ஆண்ட்ரூ லக் 76.5. சிறந்த புதுமுக விருது கிரிஃபினுக்குப் போனது. ஆனால் லக் 627 முறை எறிந்தார், அதுவும் பெரும்பாலும் நீளமாக; கிரிஃபின் 393 முறை, அவருடைய ஓட்டத்துக்கு அஞ்சித் தற்காப்பு வீரர்கள் முன்னே இழுக்கப்பட்டுக் காலியான இடங்களுக்கு. இருபத்தாறு புள்ளி வித்தியாசத்தில் பாதியேனும் இருவரின் பயிற்சியாளர்களுக்கும் உரியது என்பது என் மதிப்பீடு. 2013 ஜனவரியில் கிரிஃபினின் முழங்கால் சிதைந்தது. ஓட்டம் போனதும் காலி இடங்களும் போயின.

ஜாஷ் ஆலன் விஷயத்தில் இரண்டு வகைப் பிழைகளைத் தனித்தனியே காணலாம். 2018இல் பஃபலோ அணிக்காக அவர் 320 முறை எறிந்து 52.8 விழுக்காடு கைசேர்த்தார். 10 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 67.9. அந்தப் பன்னிரண்டை எடுத்துக்கொள்வோம். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலின் ஊசலாட்டம் அதன் வர்க்கமூலத்தின் அளவு, அதாவது மூன்றரை. அதே திறமையோடு அதே பருவத்தை மறுபடி ஆடினால் எட்டிலும் முடியலாம், பதினாறிலும் முடியலாம், ரேட்டிங் 73.1 என்றோ 62.7 என்றோ ஆகியிருக்கும். கைசேர்ந்த விழுக்காட்டின் ஊசலாட்டமோ மூன்று புள்ளிக்குள்தான். அந்த ஆண்டின் கழகச் சராசரி 65ஐ ஒட்டி இருந்தது. ஆக, ஆலனின் எறிதலில் குறி தவறியது தற்செயலன்று, உண்மை. கல்லூரியிலும் அவர் 56 விழுக்காடுதான். டேவிட் லூவின் 2006இல் வகுத்த கணிப்பு முறை கல்லூரியில் ஆடிய ஆட்டங்களையும் கைசேர்ந்த விழுக்காட்டையுமே பெரிதாக எடுத்துக்கொள்வது. அதன்படி ஆலனுக்கு நம்பிக்கை தருவது சிரமம். 2020இல் அவர் 69.2 விழுக்காடு கைசேர்த்தார். 2024இல் கழகத்தின் மதிப்புமிக்க வீரர். எறியும் முறையைச் செப்பனிட்டது, ஸ்டெஃபான் டிக்ஸ் போன்ற ரிசீவர் வந்தது எல்லாம் சேர்ந்து ஆளே மாறினார். புள்ளிவிவரம் 2018இன் ஆலனைச் சரியாகவே அளந்தது. 2020இன் ஆலன் அப்போது உருவாகியிருக்கவில்லை.

பொறுத்திருந்து பார்க்கலாமே என்றால், இப்போது அதற்கும் காலக்கெடு உண்டு. 2011 தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தை வெட்டி, முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு நான்காண்டு ஒப்பந்தமும் ஐந்தாம் ஆண்டுக்கு அணியின் விருப்பத் தேர்வும் வைத்தது. மூன்று பருவம் முடிந்த மே மாதத்துக்குள் அணி முடிவு சொல்ல வேண்டும். 2022இல் நியூயார்க் ஜயன்ட்ஸ், டானியல் ஜோன்ஸின் ஐந்தாம் ஆண்டை வேண்டாம் என்றது. அந்த ஆண்டு, முன்பு பஃபலோவில் ஆலனுக்குத் தாக்குதல் வகுத்த பிரையன் டபோல் தலைமைப் பயிற்சியாளராக வர, ஜோன்ஸின் ரேட்டிங் 92.5க்கு ஏறியது, முதல் பருவத்தில் அது 87.7. ஏற்றத்தைக் கூறுபோட்டால், எறிதலொன்றுக்கான கெஜம் 6.6இலிருந்து 6.8 ஆனது, அவ்வளவே. டச்டவுன் விழுக்காடு குறைந்திருந்தது. மிச்சமெல்லாம் கைசேர்ந்த விழுக்காட்டிலிருந்தும், பறிபோனவை 12இலிருந்து 5ஆகக் குறைந்ததிலிருந்தும் வந்தவை: ஒன்று 1973இன் சூத்திரம் அளவுக்கு மீறிக் கொண்டாடுவது, மற்றது தற்செயலுக்கு மிக எளிதில் ஆட்படுவது. 2023 மார்ச்சில் ஜயன்ட்ஸ் அவருக்கு நான்காண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. 2024 நவம்பரில் விடுவித்தது.