கைப்பிடி சுழன்றால் விடை சரி

நம் கல்லூரியில் பி.எட். படித்த எவருக்கும் ஸ்கின்னர் என்றதும் புறாவும் பெட்டியும்தான் ஞாபகம் வரும். தூண்டல், துலங்கல், வலுவூட்டல் என்று உருப்போட்டு எழுதி மார்க் வாங்கிவிட்டோம். அந்த மனிதர் ஏன் வகுப்பறைக்குள் நுழைந்தார் என்பதை நான் வாத்தியாராகிப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

1953 நவம்பர் 11. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரம். நாலாம் வகுப்பில் படித்த தம் இளைய மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போய் உட்கார்ந்தார் ஸ்கின்னர். ஹார்வர்டு பேராசிரியர்தான், அன்று வெறும் அப்பா. சீக்கிரம் முடித்த பிள்ளைகள் சும்மா இருந்தார்கள், முடியாதவர்கள் திணறினார்கள். போட்டது சரியா தப்பா என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. கற்றலைப் பற்றித் தமக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் மாறாக அங்கே நடந்தது, ஆனால் அது அந்த ஆசிரியையின் குற்றமல்ல என்று பின்னாளில் எழுதினார். (இந்த ஒரு வரிக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.)

சில நாட்களிலேயே ஒரு பெட்டி தயார். 1954-ல் பிட்ஸ்பர்க்கில் அதைப் பற்றிப் பேசினார். கணக்கு ஒரு சாளரத்தில் தெரியும். பிள்ளை எண் பட்டைகளை நகர்த்தி விடையை வைத்துக் கைப்பிடியைத் திருப்பும். சரியென்றால் சுழலும், மணி அடிக்கும், தப்பென்றால் அசையாது. அவ்வளவுதான்! முதல் நாலு வருஷக் கணக்குக்கு ஒரு பிள்ளைக்கு 25,000 தடவையாவது வலுவூட்டல் வேண்டும், ஆசிரியரால் சில ஆயிரம்தான் தரமுடியும் என்பது அவருடைய உத்தேசக் கணக்கு. இவருக்கு முன்பே ஓஹியோவில் சிட்னி பிரெஸ்ஸி 1920-களில் ஓர் இயந்திரம் செய்திருந்தார். அது பெரும்பாலும் சோதிப்பதற்கு.

1957-ல் ரஷ்யா ஸ்புட்னிக்கை விட்டதும் அமெரிக்கா கல்விக்குப் பணத்தைக் கொட்டியது. கற்பிக்கும் இயந்திரங்கள் கடைச்சரக்காயின. அறுபதுகள் முடிவதற்குள் மவுசு போய்விட்டது. நிரல்வழிக் கற்றல் என்ற பெயர் நம் பாடப்புத்தகத்தில் தங்கியது.

என் கதைக்கு வருகிறேன். அறுபது பேர் வகுப்பு. நோட்டைத் திருத்தி எட்டு நாள் கழித்துக் கொடுப்பேன். அதற்குள் தப்பான வகுத்தல் பையன் கையில் ஊறிப்போயிருக்கும். ஸ்கின்னரைப் பின்பற்றுவதாக நினைத்துக்கொண்டு சிவப்பு மையில் ஸ்டார் போட ஆரம்பித்தேன். ஒருநாள் மை தீர்ந்துபோச்சு. "ஸ்டார் இல்லேன்னா எதுக்கு சார் போடணும்?" என்றான் ஒரு பையன். எனக்குச் சுருக்கென்றது.

1973-ல் மார்க் லெப்பரும் இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொல்கிறது. ஆசையாகப் படம் வரையும் சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பார்த்தால், அவர்கள் மற்ற குழந்தைகளைவிடப் பாதியளவுதான் வரைந்தார்கள்.

ஸ்கின்னரின் பெட்டியிலிருந்து மிட்டாய் எதுவும் விழவில்லையே! விடை சரி என்று தெரிவதே போதும் என்றார். நான்தான் ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் விடைகளை அட்டையில் எழுதிக் கரும்பலகைக்குப் பின்னால் மாட்டினேன். முடித்தவன் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். "காப்பியடிக்கத்தான் போறானுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். சிலபேர் அடித்தார்கள்தான்.